ராத்திரி டை அடித்தார். விடிந்ததும் கண் திறக்கவில்லை! தலைச்சாயம் செய்யும் வேலை

சென்னை:-

நரைத்த தலையைக் கறுப்பாக்க டை அடித்துக் கொண்டு, மறுநாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. முகூர்த்த நாளும் பண்டிகை நாளும் நெருங்கினால் தோல் டாக்டர்களுக்கு இது பழகிப்போன முகம். வந்தவருக்குத்தான் கண்ணாடியில் தன் முகமே அடையாளம் தெரியாது!

வந்தவர் முதலில் சொல்லுவது ஒரே வசனம்தான்.

"இத்தனை வருஷமா போடறேன் டாக்டர். ஒண்ணுமே ஆனதில்லையே!"

எல்லா விஷயமும் அந்த வசனத்துக்குள்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மாம்பலம் குமாஸ்தா

ஒரு குமாஸ்தாவை எடுத்துக் கொள்ளுங்கள். வீடு மேற்கு மாம்பலம். வேலை பாரிமுனையில். வயது 54. கொஞ்சம் சர்க்கரை உண்டு. மாதம் ஒரு தடவை தலைக்கும் மீசைக்கும் டை அடிப்பது ஏழெட்டு வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே பாக்கெட்டைப் பிரித்து, கிண்ணத்தில் கலக்கி, பழைய பனியனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்துக் குளித்தார். "பத்து வயசு குறைஞ்சிடுச்சுப்பா" என்று மகளே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் காது ஓரத்தில் நமைச்சல். கொசு கடித்திருக்கும் என்று நினைத்தார். சாயங்காலம் நெற்றி காந்தியது. மனைவி தேங்காய் எண்ணெய் தடவினார். ராத்திரி தூக்கம் இல்லை. தலையணை உறையில் ஈரம். காதுக்குப் பின்னால் நீர் கசிய ஆரம்பித்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி.

"ஐயோ! என்னங்க இது மூஞ்சி!"

மனைவி போட்ட சத்தத்தில் வீடே எழுந்து விட்டது. மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, கண்ணைத் திறங்க, பாப்போம்."

"திறந்துதாம்மா இருக்கேன்!"

திறக்கவில்லை. இரண்டு இமையும் இட்லி மாதிரி உப்பி ஒட்டிக்கொண்டு இருந்தன. நெற்றியில் கொப்புளம். மேல் உதடு தடித்துத் தொங்கியது.

வீட்டில் விருந்தாளிகள். ஆளுக்கு ஒரு வைத்தியம். "சூட்டுக் கட்டி. எலுமிச்சம்பழத்தைத் தேய்ங்க" என்றார் மைத்துனர். "அக்கி மாதிரி இருக்கே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் இருந்து வந்திருந்த பெரியம்மா, தூரத்தில் நின்றபடியே ஒரு வார்த்தை சொன்னார்.

"அம்மை போட்டிருக்குடி. வேப்பிலை கட்டுங்க. அம்மை வார்த்த வீட்டுல நிச்சயம் எப்படி நடத்துறது?"

அவ்வளவுதான். மகளின் முகம் வெளுத்து விட்டது. பத்தரை மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்!

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தலைக்கு என்ன போட்டீங்க?"

கூட மைத்துனர் நிற்கிறார். மகன் நிற்கிறான். குமாஸ்தாவுக்குக் கூச்சம். "ஒண்ணும் போடலியே சார்" என்றார்.

டாக்டர் அவர் கை விரலைப் பிடித்துப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்புக் கறை. வீங்கிய உதட்டுக்கு மேலே மீசை மட்டும் மை மாதிரிக் கறுகறுவென்று இருந்தது. "மறைக்காதீங்க பெரியவரே. இது அம்மையும் இல்லை, அக்கியும் இல்லை. டை அலர்ஜி. யாருக்கும் தொத்தாது" என்றார்.

நிச்சயதார்த்தம் நடந்தது. பெண்ணின் தகப்பனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து இருந்தார். விஷயத்தைக் கேட்ட சம்பந்தி மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துக் கொண்டாராம். அவரும் அதே பாக்கெட்தான்!

வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைப்பது குமாஸ்தாவிடம் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. டை அடிப்பதைப் பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாத ஆண்கள் உண்டு. அப்படி மறைப்பதால் வீக்கத்துக்குக் காரணம் தெரியாமல் ரத்தப் பரிசோதனை, அந்த ஸ்கேன், இந்த ஸ்கேன் என்று வீண் அலைச்சல்.

மூன்று எழுத்து ஆசாமி

இந்த வேலையைச் செய்யும் சரக்கின் பெயர் பாரா பெனிலீன்டையமின். வாயில் நுழையாது. சுருக்கமாக பி.பி.டி. என்று சொல்லுவார்கள். நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் மூலச்சரக்கு. புதிய சரக்கும் அல்ல. பிரான்சு நாட்டில் யூஜீன் ஷூலேர் என்ற ரசாயன நிபுணர் 1907-ம் ஆண்டு இந்த வகைத் தலைச்சாயம் தயாரித்து விற்றார். 1909-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த லோரியல்.

பி.பி.டி.க்குத் தானாகக் கறுப்பு நிறம் கிடையாது. அது மிகச் சின்ன அணுக்கூட்டம். மயிர்க்காலுக்குள் சுலபமாக நுழையும். கூடவே கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதன் மேல் வேலை செய்தால், உள்ளே போன சின்னச் சின்னத் துகள்கள் ஒன்றோடு ஒன்று கைகோர்த்துப் பெரிய கறுப்புத் துகளாக மாறும். பெரிதான பிறகு வெளியே வர முடியாது. மயிருக்குள்ளேயே சிக்கிக் கொள்ளும். அதனால்தான் எத்தனை தடவை குளித்தாலும் சாயம் போவதில்லை. தண்ணீரில் கலக்கும் பொடியானால் பெராக்சைடு வேலையைச் செய்யும் சரக்கு பொடிக்குள்ளேயே இருக்கும்.

முழுக்கக் கறுத்துப் போன சாயத்தால் அதிகத் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் பாதி வெந்தும் வேகாததுமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். மயிருக்குள் நுழையத் தெரிந்த சரக்குக்குத் தோலுக்குள் நுழையத் தெரியாதா?

கேடி லிஸ்ட்

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆனதில்லையே" என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

இது விஷம் பட்டு உடனே வெந்து போகிற சமாச்சாரம் அல்ல. உடம்பின் காவல்படை செய்கிற காரியம். தோலுக்குள் புகுந்த பி.பி.டி.யை, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு என்றைக்காவது ஒரு நாள் 'இது எதிரி' என்று முத்திரை குத்தி விடுகிறது. போலீஸ் நிலையத்தில் கேடி லிஸ்ட்டில் பெயர் ஏற்றுவது போல! அது முதல் தடவையே நடக்கலாம். இருபது வருஷம் கழித்தும் நடக்கலாம். பெயர் ஏற்றும்போது வெளியே ஒன்றும் தெரியாது. நமைச்சல் கூட இருக்காது. அடுத்த தடவை டை தலையில் பட்டதும் படை திரண்டு வந்து விடும். திரண்டு வர ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கூட ஆகும்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அடித்த டைக்கு ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்குகிறது. சனிக்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழியைப் போடுகிறார்கள்!

ஒரு தடவை லிஸ்ட்டில் ஏறிய பெயர் அழிவது இல்லை. கம்பெனியை மாற்றினாலும் பலன் இல்லை. பாக்கெட்தான் வேறு. உள்ளே இருப்பது அதே ஆசாமி.

தலையில் போட்டதற்கு முகம் ஏன் வீங்க வேண்டும்? தலைத்தோல் தடிப்பானது, தாங்கிக்கொள்ளும். கண் இமைதான் உடம்பிலேயே மெல்லிய தோல். குளிக்கும்போது சாயத் தண்ணீர் வழிகிற பாதையைப் பாருங்கள்: நெற்றி, இமை, காது மடல், பிடரி. வீக்கமும் கொப்புளமும் அதே பாதையில்தான் வரும். தலை வெறும் நமைச்சலோடு தப்பித்து விடும். மீசை, தாடிக்கும் அடிப்பவர்களுக்கு உதடும் தாடையும் சேர்ந்து கொள்ளும்.

முதலில் குழாயடி

நமைச்சல் தொடங்கிய உடனே செய்ய வேண்டிய காரியம் தலையை அலசுவதுதான். தலையில் இன்னும் டை இருந்தால் அரை மணி ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்தில் வழியாமல், நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். காரம் இல்லாத ஷாம்பு இரண்டு மூன்று தடவை போடலாம். சீயக்காயைப் போட்டுப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். கண்ணில் பட்டு விட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவி விட்டு, நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வீங்கிய இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய வேட்டித் துணியை வைத்து வைத்து எடுத்தால் காந்தல் குறையும். நீர் கசிகிற இடத்துக்கு அதுவே பாதி வைத்தியம். எலுமிச்சம்பழம், மஞ்சள் விழுது, பற்பசை, சுண்ணாம்பு இவற்றை எல்லாம் சமையல் கட்டிலேயே விட்டு விட வேண்டும். புண்ணான தோலில் அவை இன்னொரு புண்ணை உண்டாக்கும்.

"மொட்டை அடிச்சிடட்டுமா?" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியது இல்லை. முன்பே சொன்னபடி, கறுத்து முடிந்த சாயம் மயிருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தோலில் ஒட்டிய மிச்சத்தை அலசி விட்டால் போதும். தவிர, புண்ணான தலையில் சவரக்கத்தி வைப்பது ஆபத்து.

மூச்சு வாங்கினால், குரல் கம்மினால், நாக்கோ தொண்டையோ தடித்தால், மயக்கமாக வந்தால் அது வேறு விவகாரம். அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மற்றவர்கள் தோல் டாக்டரைப் பார்க்கலாம். சென்டிரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். வீக்கம் லேசாக இருந்தால் தடவும் மருந்து, அரிப்புக்கு மாத்திரை. முகமே மூடிக்கொண்டால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் தப்பு செய்கிறார்கள்.

மாத்திரை போட்டதும் மந்திரம் மாதிரி வீக்கம் வடியும். உடனே நிறுத்தி விடுவார்கள். அடங்கியது மறுபடி கிளம்பும். இன்னொரு ரகம், பழைய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த தடவை டை அடிக்கும்போதே அந்த மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ரகம்! சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை எகிறும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது ரகம், டாக்டரையே பார்க்காமல் மருந்துக்கடையில் முகத்தைக் காட்டி ஒரு டியூப் வாங்குவது. "ஒரு நல்ல ஆயின்மெண்ட் குடுங்க தம்பி" என்றால் போதும். வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் காகிதம் மாதிரி மெலியும், சிவக்கும், பரு வரும். சிவப்பழகுக்காக இதையே தினமும் தடவி முகத்தைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். தோல் டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்கில் சத்தம் போட்ட பிறகு, 2018-ம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தடவு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது. கடையில்?

வீக்கம் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வடிந்து விடும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் படியும் கறுப்பு மட்டும் லேசில் போகாது. மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும். அழகுக்குப் போட்டது இப்படி ஒரு அடையாளத்தை வைத்து விட்டுப் போகும்.

அமெரிக்காவில் பறிபோன கண்

இமை மயிருக்கும் புருவத்துக்கும் டை அடிக்கலாமா? கூடவே கூடாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1933-ம் ஆண்டு. அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு இமைச்சாயம் விற்றார்கள். அழகு நிலையங்களில் அடித்து விடுவார்கள். அதிலும் இதே குடும்பத்துச் சரக்குதான். அடித்துக் கொண்ட பெண்களில் சிலருக்குக் கண் புண்ணாகிப் போனது. ஒரு பெண்ணுக்குப் பார்வையே பறிபோனது. இன்னொரு பெண் உயிர் இழந்தாள். அழகு சாதனங்களைத் தட்டிக்கேட்க அப்போது அந்த நாட்டில் சட்டமே கிடையாது. அந்தப் பெண்ணின் 'முன்பு', 'பின்பு' படங்களை அதிகாரிகள் கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். கடைசியில் 1938-ல் புதிய சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் உள்ள எச்சரிக்கை வாசகம் கிட்டத்தட்ட அப்படியே நம் நாட்டு டை பாக்கெட்டிலும் இருக்கிறது. சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது, போட்டால் குருடாகலாம் என்று ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. பழைய மருந்து - அழகு சாதன விதிகளில் இருந்த இந்த நிபந்தனை, 2020-ம் ஆண்டு வந்த புதிய அழகு சாதன விதிகளிலும் தொடர்கிறது.

அச்சடித்து இருக்கிறார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில்! 54 வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றி விட்டுத்தான் டை அடிக்கிறார். எங்கே படிப்பது?

சோதிப்பது சுலபம். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன இடத்தைக் கழுவித் துடைத்து, கலக்கிய டையில் ஒரு சொட்டு வைத்துக் காய விட வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்லுகிறது. 48 மணி நேரம் பொறுப்பது இன்னும் நல்லது. சிவப்போ நமைச்சலோ தெரிந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவை அடிக்கும் முன்பும் சோதிக்க வேண்டும். ஏன் என்பது கேடி லிஸ்ட் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை விசேஷம் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி பாக்கெட் வாங்கக்கூடாது. வாரம் தொடங்கும்போதே வாங்கிச் சோதித்து விட வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை வீங்கியவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

'ஹெர்பல்' மயக்கம்

"நான் போடறது கெமிக்கல் இல்லீங்க, ஹெர்பல்" என்று மார்தட்டுகிறவர்கள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் மருதாணி இலை, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி எல்லாம் படமாக இருக்கும். பின்பக்கத்தில் பி.பி.டி.யும் இருக்கலாம். 'அம்மோனியா இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கும் பி.பி.டி. இல்லை என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. அம்மோனியா வேறு, இது வேறு.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டால் போதும். உண்மையான மருதாணி கறுக்காது. அரைத்து வைத்தால் முதலில் ஆரஞ்சு, ஒரு நாள் கழித்து அடர் சிவப்பு. நரையிலும் செம்பட்டைதான் ஏறும். மருதாணிப் பொடி என்று வாங்கியது அரை மணியில் கருகருவென்று கறுத்தால், உள்ளே வேறு ஆள் ஒளிந்து இருக்கிறான் என்று அர்த்தம்.

கல்யாண வீட்டில் கையில் போடும் 'கறுப்பு மெகந்தி'யும் அப்படித்தான். ஐரோப்பிய நாடுகளில் தலைச்சாயத்தில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் நேரடியாகப் பூசும் பொருளில் சேர்க்கவே கூடாது என்று விதி. கறுப்பு மெகந்தியைப் பரிசோதித்தபோது 15 சதவீத அளவுக்குக் கூட இருந்தது உண்டு. ஆசைப்படுகிறது என்று சின்னக் குழந்தையின் கையில் அதைப் போட்டு விட்டால், அப்போதே கேடி லிஸ்ட்டில் பெயர் ஏறி விடலாம். இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தை முதன்முதலாக டை அடிக்கும் நாளில் முகம் வீங்கும். யாருக்கு நினைவு இருக்கும், மாமா கல்யாணத்து மெகந்தி?

நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டிலும் வில்லங்கம் உண்டு. கறுப்பாக்குவதற்குப் பதில் அது வெளுப்பாக்கும். சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் தோலின் நிறத்தை உண்டாக்கும் அணுக்களைக் கொன்று விடும். பொட்டை எடுத்தால் அதே அளவில் வெள்ளைப் பொட்டு! பல பெண்கள் அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். வெளுப்பு ஆரம்பித்ததும் ஸ்டிக்கரை நிறுத்தி விட வேண்டும்.

முதுகில் ஒட்டும் சோதனை

எந்தச் சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்து கொள்ளத் தோல் டாக்டர்கள் 'பேட்ச் டெஸ்ட்' செய்கிறார்கள். வீக்கம் எல்லாம் அடங்கிச் சில வாரம் ஆன பிறகு, சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு சரக்காக வைத்து முதுகில் ஒட்டி விடுவார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது. பிறகு பிரித்துப் பார்த்து, இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு சரக்கைத் தேர்ந்து எடுத்து 'இந்த ஆண்டின் அலர்ஜி சரக்கு' என்று அறிவிக்கும். 2006-ம் ஆண்டு அந்தப் 'பட்டம்' பி.பி.டி.க்குத்தான் கிடைத்தது!

பி.பி.டி. ஒவ்வாது என்று தெரிந்தவர்கள் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளலாம். அதன் பங்காளிகள் சில மருந்துகளிலும் இருக்கிறார்கள். மரத்துப்போவதற்குத் தடவும் பென்சோகைன், சில சல்பா மாத்திரைகள் ஆகியவை சிலருக்குச் சேராமல் போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு டை ஒத்துக்காது சார்" என்று சொல்லி விட வேண்டும்.

நரையை என்ன செய்வது?

கலப்படம் இல்லாத மருதாணி வைத்து, அலசி, அதன் மேல் அவுரி இலைப் பொடி போட்டால் கறுப்பு ஏறும். அவுரி நம்ம ஊர்ச் செடிதான். வெள்ளைக்காரன் காலத்தில் நீலச்சாயத்துக்காகப் பயிரிட்டது. இரண்டு வேளை வேலை, ஒரு முழு நாள் போய் விடும். பாக்கெட் டை மாதிரி அரை மணியில் முடியாது. அதிலும் பொடிக்கடையில் வாங்கும்போது கலப்படம் பார்த்து வாங்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு இலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாது.

பி.பி.டி.க்குப் பதில் டோலுயீன் டையமின் போட்ட சாயங்களும் கடையில் கிடைக்கின்றன. பி.பி.டி. ஒவ்வாதவர்களில் கணிசமானவர்களுக்கு அதுவும் ஒவ்வாது. டாக்டர் சோதித்துச் சொல்லாமல் அதை நம்பி இறங்கக்கூடாது. நரைத்த தலையோடு ஆபீசுக்குப் போவதும் ஒரு வழிதான். இன்றைக்கு இளவட்டங்களே நரையை விட்டு விட்டுச் சினிமா நட்சத்திரம் மாதிரி இருக்கிறோம் என்கிறார்கள்!

சலூன் தம்பிகள்

டை அடித்துக் கொள்கிறவருக்காவது மாதம் ஒரு நாள். அடித்து விடுகிற சலூன் தொழிலாளிக்குத் தினமும் பத்துத் தலை. "சார், அப்படியே ஒரு டை போட்டுடலாமா?" என்று கேட்கிற தம்பியின் கையைப் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, நகத்தைச் சுற்றிப் புண். சோப்புத் தண்ணீரும் டையும் மாறி மாறிப் பட்டுத் தோல் கிழிந்து விடுகிறது. ஒவ்வாமை வந்து விட்டால் தொழிலையே மாற்ற வேண்டிய நிலைமை. பாக்கெட்டோடு வரும் மெல்லிய கையுறை ஒரு தலைக்குத்தான். உள்ளே சாயம் புகுந்த கையுறையைக் கழுவி மறுபடி போடுவது, கையுறை இல்லாமல் அடிப்பதை விட மோசம். நைட்ரில் கையுறைதான் சரி என்கிறார்கள் டாக்டர்கள். சலூனில் டை அடித்துக் கொள்பவர்கள், எந்தப் பாக்கெட் என்று கண்ணால் பார்த்து விட்டு உட்காருவது இரண்டு பேருக்கும் நல்லது.

காலி பாக்கெட் முக்கியம்

முகம் வீங்கியதும் கோபத்தில் பாக்கெட்டைச் சுருட்டிக் குப்பையில் எறிந்து விடுகிறார்கள். அது தப்பு. டாக்டருக்குக் காட்டவும் அதுதான் வேண்டும், புகார் செய்யவும் அதுதான் வேண்டும். தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்சு எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, என்னென்ன சரக்கு என்ற பட்டியல் இவை எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எச்சரிக்கை வாசகமோ விலாசமோ இல்லாத பாக்கெட், ரங்கநாதன் தெருவில் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. அப்படிப்பட்ட சரக்கைப் பற்றி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். பாக்கெட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்து, சோதித்துப் பார்க்காமல் அடித்துக் கொண்டவர் வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். எச்சரிக்கை இல்லாமல் விற்றார்கள், கலப்படம் செய்தார்கள் என்றால் விஷயம் வேறு. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. டை பாக்கெட் அதில் ஒரு தூசி. கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கி இருக்க வேண்டும், டாக்டர் சீட்டையும், வீங்கிய முகத்தை எடுத்த போட்டோவையும் பத்திரப்படுத்தி இருக்க வேண்டும். கூச்சப்பட்டுப் போட்டோ எடுக்காமல் விட்டவர்களுக்கு, வீக்கம் வடிந்த பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.